சாட்சிக் கூண்டில் விழுந்த வெட்டு

போன மாதம் என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் பிடித்து இலை போடுவதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டதால், ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஏதோ ஒரு ஓட்டலில் வைத்தார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் கட்டியிருந்த பட்டுப்புடவை படுக்கை விரிப்பு மாதிரி கசங்கிவிட்டது. உள்ளே நுழைந்தால் ஓட்டலா, காயலான் கடையா என்று சந்தேகம். யார் வீட்டிலோ கழற்றிய தேக்குக் கதவுகள், தையல் மிஷின் காலில் நிற்கிற மேஜை, வண்டியைத் தொலைத்த வண்டிச் சக்கரம். நாம் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதற்கு நடுவே நம்மையே உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள்.

அந்தக் குப்பைக்கு நடுவில் அது நின்றது. மூன்று பக்கமும் இடுப்பளவு மரச்சட்டம், மேலே தடித்த கைப்பிடிக் கட்டை, ஏறுவதற்கு ஒரு படி. சாட்சிக் கூண்டு. அதற்குச் சீரியல் விளக்கு சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஆணியில் 'குற்றவாளி' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை தொங்கியது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூண்டில் ஏறி, பல்லைக் காட்டி செல்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். வேலைக்காலம் முழுவதும் கோர்ட்டில் டைப் அடித்தவள் நான். சாட்சி நிற்கிற இடத்தில் குற்றவாளியை நிறுத்தினால் எப்படி? அவனுக்கு எதிரில் வேறு கூண்டு உண்டு, சாமி.

மாப்பிள்ளையின் சித்தி கூண்டைவிட்டு இறங்கும்வரை காத்திருந்து பக்கத்தில் போனேன். எல்லாக் கூண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், நான் என்ன மரத்துக்கு ஜாதகம் பார்க்கிறவளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து கைப்பிடிக் கட்டைக்கு அடியில் விரலைவிட்டுத் தடவினேன். மேலே எல்லாம் கண்ணாடி மாதிரி பாலிஷ். அடியில் சொரசொரவென்று, திட்டுத்திட்டாக, காய்ந்துபோன சுண்ணாம்பு.

"அத்தை, கம்மல் விழுந்துடுச்சா?" என்று தம்பி மகள் ஓடி வந்தாள்.

"இல்லடி, கரீம் பாய் அகப்பட்டார்" என்றேன். அத்தைக்கு வயதாகிவிட்டது என்ற பார்வையோடு அவள் மாப்பிள்ளை பக்கம் போய்விட்டாள்.

கரீம் பாய் எங்கள் கோர்ட்டின் டபேதார். மேஜிஸ்ட்ரேட்டுக்கு முன்னால் நடந்து வழிவிடச் சொல்லுவதும், வராந்தாவில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுவதும் அவர் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் சாட்சிக் கூண்டில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். விரலில் மிச்சமிருப்பதைக் கட்டைக்கு அடியில் தேய்ப்பார். மேலே தேய்த்தால் மேஜிஸ்ட்ரேட் பார்த்துவிடுவார் அல்லவா? அப்படி வருஷக்கணக்காகத் தேய்த்த சுண்ணாம்பு அது. பாலிஷ் போட்ட மகராசனுக்குக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

அந்த ஊரின் பெயர் வேண்டாம். அத்திபெலேயில் இறங்கி உள்ளே போகிற பஸ் பிடித்தால் கடைசி ஸ்டாப். கன்னட ஊர்தான், ஆனால் சந்தையில் பாதிப் பேச்சு தமிழ், கால்வாசி தெலுங்கு. சண்டை என்று வந்தால் மூன்று பாஷையும் போதாமல் கை பேசும். வேலைக்கு உத்தரவு வந்தபோது, சின்ன ஊர், சின்ன கோர்ட், ஆடு மேய்ந்த வழக்கும் வரப்புத் தகராறும்தான் இருக்கும், பகலில் ஸ்வெட்டர்கூடப் பின்னலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஊசியும் நூலும்கூட எடுத்துக்கொண்டு போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதல் நாளே வராந்தாவில் ஒருவன் தன் மாமனாரின் காதைக் கடித்துத் துப்பினான்.

"இந்தக் கட்டடத்துக்கு ரத்தம் பழக்கம்மா" என்றார் கரீம் பாய், தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "நீங்கதான் புதுசு."

கட்டடம் முதலில் குதிரை லாயமாக இருந்ததாம். ராஜா காலத்துக் குதிரைகளா, வெள்ளைக்காரன் குதிரைகளா என்று கேட்டால் அன்றைக்கு வாயில் இருக்கும் வெற்றிலையைப் பொறுத்து கரீம் பாய் மாற்றிச் சொல்லுவார். எது எப்படியோ, ஹாலின் சுவரில் குதிரை கட்டுகிற இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. பின்னால் அதே வளையங்களில் கைதிகளின் சங்கிலியை மாட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு கருங்கல் பலகை கிடந்தது. ஒரு காலத்தில் அதில் ஆளைக் குப்புறப் போட்டுக் கசையடி கொடுப்பார்களாம். எங்கள் காலத்தில் அதில் உட்கார்ந்து டீ குடித்தோம். நானே எத்தனை மத்தியானம் அதில் காலை நீட்டி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன் தெரியுமா!

அந்த ஊரில் யாரும் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்கு வருவதில்லை. மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஜீவனாம்ச வழக்கு நாளில் செருப்பு பறக்கும். பாகப்பிரிவினை நாளில் கல். நோட்டீஸ் பலகைக்குக் கீழே ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டை முதுகிலிருந்து இடுப்புவரை கிழித்துவிட்டு ஒருவன் ஓடினான். வக்கீல் பிழைத்துக்கொண்டார். கோட்டைத் தைத்து மறு வாய்தாவுக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தார். நதித் தண்ணீர் தகராறு மூண்ட நாட்களில் ஓசூர் ரோட்டில் பஸ் எரியும் புகை எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். அன்றைக்கெல்லாம் தமிழ்ச் சாட்சிகள் கூண்டில் ஏறியதும் தமக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். நானும் என் டிபன் பாக்ஸில் ஒட்டியிருந்த தமிழ்க் காலண்டர் சாமி படத்தைச் சுரண்டி எடுத்தேன்.

அங்கே எல்லாமே ஒரே ஒன்றுதான். ஒரே பஸ், ஒரே டீக்கடை, உட்கார ஒரே கல். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கல்லில் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக உட்கார்ந்து, பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பார்கள். பட்டணத்து ஆட்களுக்கு இது புரியாது. எனக்கும் புரியவில்லை, சரோஜாவைப் பார்க்கிறவரை.

சரோஜா நாலடுக்கு டிபன் கேரியரோடு வருவாள். கல்லின் ஒரு கோடியில் அவள் புருஷன் முனிராஜு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு முதலில் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எடுத்து வைப்பாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேரியரைத் தூக்கிக்கொண்டு மறு கோடிக்குப் போவாள். அங்கே அவள் தங்கை மல்லிகா இருப்பாள். சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து, தங்கையின் வாயில் ஊட்டுவாள். மல்லிகாவுக்கு மணிக்கட்டுக்கு மேல் வலது கை கிடையாது. அந்தக் கையை வெட்டியவன் மறு கோடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பான்.

இவர்களுடைய தகப்பன் பூத்தோட்டக்காரர். அதனால்தான் சரோஜா, மல்லிகா. சாகும்போது இருந்த தோட்டத்தை இரண்டு பெண்களுக்கும் சமமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் சாமந்தி விளைந்த மண்ணுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. முனிராஜு நிலப் புரோக்கர்களோடு சுற்றுகிறவன். மனைவியின் பங்கை விற்றாகிவிட்டது. ரோட்டைப் பார்த்த பங்கு மல்லிகாவுடையது. பத்திரத்தை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். மூன்றாம் முறையும் மறுத்தபோது, "கையெழுத்துப் போடாத கை உனக்கு எதுக்கு?" என்று கேட்டு, வாசல்நிலையில் ஊன்றியிருந்த கையை மச்சால் வெட்டினான். மச்சு என்று அந்தப் பக்கம் சொல்வது இளநீர் சீவுகிற கனத்த கத்தியை.

பட்டப்பகலில், தெரு பார்க்க நடந்தது. ஆனால் கோர்ட்டில் சாட்சி என்று வந்தவர்கள் வரிசையாக "நான் பார்க்கல சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். டீக்கடைக்காரர் அன்றைக்குக் கடையே திறக்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கலாம். சரோஜாவும் கூண்டில் ஏறினாள். சித்திரை வெயிலிலும் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். "நான் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். எதிர்க் கூண்டில் முனிராஜு மீசையைத் தடவிக்கொண்டான். அன்றைக்கும் அவள் வெளியே வந்து தங்கைக்குச் சோறு ஊட்டினாள். தங்கையும் வாயைத் திறந்தாள். எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"அந்தாளு ஊட்ட விடுறானே, எதுக்கு தெரியுமா?" என்றார் கரீம் பாய். "அக்கா சோறு தொண்டையில இருக்கும்போது மாமா பேரு வெளிய வராதுன்னு கணக்கு. மல்லிகா ஒருத்திதான் பாக்கி. அவளும் தெரியாதுன்னுட்டா கேஸு க்ளோஸ்."

எல்லாமே அவள் வாயில்தான் இருந்தது. அவள் பெயர் சொன்னால் முனிராஜு உள்ளே போவான். சொல்லாவிட்டால் அன்று மாலையே அதே பஸ்ஸில் அவளோடு வீட்டுக்குப் போவான். மிச்சமிருந்த இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்?

மல்லிகாவின் முறை வந்த நாளில் ஹாலில் இடமில்லை. குதிரை லாயம்தானே, நாற்பது பேர் நின்றாலே மூச்சு முட்டும். சாட்சிக் கூண்டுக்கும் குற்றவாளிக் கூண்டுக்கும் நடுவே ஒரு மேஜை. மேஜையின் ஒரு பக்கம் என் டைப்ரைட்டர், மறு பக்கம் வழக்குச் சாமான்கள். மேஜிஸ்ட்ரேட் கன்னடத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்டு, அவள் சொல்வதைக் கன்னடத்தில் சொல்லி, பிறகு அவர் சொல்லச் சொல்ல நானே அடிக்க வேண்டும். மூன்று ஆள் வேலை, ஒரு ஆள் சம்பளம். அரக்கு முத்திரையை உடைத்துத் துணியைப் பிரித்ததும் மச்சு வெளியே வந்தது. அடையாளம் காட்டுகிற சாமானைச் சாட்சி கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கோர்ட்டு வழக்கம். அவள் இடது கையால் எடுத்தாள்.

"ஹேளம்மா, ஹெதரபேட" என்றார் மேஜிஸ்ட்ரேட். சொல்லும்மா, பயப்படாதே என்று அர்த்தம். அவர் குரலிலேயே பயம் இருந்தது.

"இதுதான்" என்றாள் மல்லிகா. "மாமாதான் வெட்டினாரு."

ஹாலில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. என் விரல் தன்பாட்டில் அடித்தது. சர்க்கார் வக்கீலுக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி முகம். "அப்ப கூட யார் இருந்தாங்க? உங்க அக்கா இருந்தாங்க, இல்ல?" என்று அவசரமாகக் கேட்டார்.

"இல்ல. அக்கா பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தா."

சர்க்கார் வக்கீலின் முகம் சுருங்கியது. போலீஸில் அவள் சொன்னது வேறு. ஆனால் அவள் அசையவில்லை. அக்கா சொன்ன பொய்யைத் தங்கை அப்படியே தாங்கிப் பிடித்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. முனிராஜு பேரைச் சொல்லிவிட்டாள், ஆனால் அக்காவைப் பொய்ச்சாட்சி ஆக்கக்கூடாது, புருஷனிடம் அடிவாங்க வைக்கக்கூடாது என்று அவளை அந்த வாசலிலிருந்தே துடைத்துவிட்டாள்.

முனிராஜுவின் வக்கீல் எழுந்தார். அவருக்கு அந்த ஜில்லாவிலேயே ஒரு பெயர் உண்டு. சாட்சியைக் கேள்வி கேட்க மாட்டார், நடிக்கச் சொல்லுவார். "மாடி தோர்ஸு" என்பார். செய்து காட்டு. கிராமத்து ஜனம் கூண்டில் நின்று அடித்ததையும் விழுந்ததையும் நடித்துக் காட்டும்போது கையும் காலும் குழம்பும். ஹாலில் சிரிப்பு வரும். சாட்சி கூனிக் குறுகிப்போவான். அவருடைய பாதி வழக்குகள் அந்தச் சிரிப்பில் ஜெயித்தவை.

"எப்படி வெட்டினாரு? மாடி தோர்ஸம்மா" என்றார், கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு.

மச்சு இன்னும் அவள் கையில் இருந்தது. அதை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் வெட்டுப்பட்ட வலது கையைக் கூண்டின் கைப்பிடிக் கட்டையில் ஊன்றினாள். கை இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தைப் பார்த்தாள். இடது கையை ஓங்கி இறக்கினாள். தொம்மென்று ஒரு சத்தம். மச்சு கட்டையில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு இறங்கி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் தன் கையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆனால் அவர் பழைய கை. அடுத்த கேள்வியைப் போட்டார். "அவ்வளவு கோபக்காரன் ஒரே வெட்டோட ஏன் நிறுத்தினான்? யாராவது தடுத்தாங்களா?"

"யாரும் தடுக்கல" என்றாள் மல்லிகா. "அவரே நிறுத்திட்டாரு. எனக்குன்னு அன்னிக்கு யாரும் வரல."

"யாரும் வரலையா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. சரோஜா சுவரோரமாக, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது கேரியர் உருண்டு குழம்பு தரையெல்லாம் ஓடியது. "யாருமே வரலையாடி? அப்ப நான் யாருடி?" என்று கத்திக்கொண்டு முந்தானையை இழுத்துக் கீழே போட்டாள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பளபளத்தது. "ரெண்டாவது வெட்டு உன் கழுத்துக்கு வந்துச்சே, குறுக்க விழுந்தது யாரு? மார்க்கெட்டாடி வந்து விழுந்துச்சு?"

அடுத்த நிமிஷம் நடந்ததை எழுதுவது சுலபம், பார்ப்பதற்கு நெஞ்சு வேண்டும். என்னிடம் அது இல்லை. முனிராஜு கூண்டைத் தாண்டிக் குதித்தபோது அவன் கால் பட்டு என் டைப்ரைட்டர் கீழே விழுந்தது. நானும் அதோடு மேஜைக்கு அடியில் போய்விட்டேன். காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரரில் ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார். இன்னொருவரை அவன் ஒரே உதையில் பெஞ்சுக்கு மேல் தள்ளினான். சரோஜாவின் தலைமுடியைக் கையில் சுற்றி, குதிரை கட்டுகிற இரும்பு வளையத்தில் அவள் நெற்றியை மோதினான். ஒரு முறை, இன்னொரு முறை. கரீம் பாய் மேஜிஸ்ட்ரேட்டின் பித்தளைத் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கி அவன் மேல் எறிந்தார். அது குறி தவறாமல் வக்கீலின் முழங்காலில் பட்டது. மேஜிஸ்ட்ரேட் நாற்காலியில் இல்லை. பின்கதவு சாத்தியிருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கோர்ட்டில் நீதி சொல்ல ஆளே இல்லை.

மேஜைக்கு அடியிலிருந்து எனக்குத் தெரிந்தது மல்லிகாவின் பாதங்கள்தான். கட்டையில் சிக்கிய மச்சை அவள் ஆட்டி ஆட்டிப் பிடுங்குவது கேட்டது. பிறகு பாதங்கள் படியிறங்கி, குழம்பில் நடந்து, அவனுக்கு எதிரே போய் நின்றன.

"விடு மாமா" என்றாள். கத்தவில்லை. வீட்டில் குழம்புக் கரண்டியைக் கேட்கிற குரல். "அக்கா தலைய விடு."

தலையை நீட்டிப் பார்த்தேன். இடது கையில் மச்சைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள், ஓங்கக்கூட இல்லை. அவன் அதைப் பார்த்தான். அந்த மச்சின் கனம் அந்த ஹாலில் அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? விரல்களை ஒவ்வொன்றாக முடியிலிருந்து எடுத்தான். ஒரு வெட்டு வெட்டியிருந்தால் அன்றைக்கு அந்த ஹாலில் ஒருத்தர்கூட அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்க மாட்டார்கள், நான் உட்பட. அவள் வெட்டவில்லை. போலீஸ்காரர் எழுந்து வந்து அவனைச் சுவரோடு அழுத்தும்வரை நின்றுவிட்டு, திரும்பி வந்து மச்சை மேஜையில் வைத்தாள். அதன் பிடியில் சாமான் சீட்டைத் திரும்பக் கட்டுவது என் வேலை. எனக்கு முடிச்சு விழவில்லை. அவள்தான் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜிஸ்ட்ரேட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கே சரோஜாவைத் திரும்பக் கூண்டில் ஏற்றினார். நெற்றியில் ரத்தத்தோடு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டைப்ரைட்டரில் ஒரு எழுத்து வளைந்துபோய், அந்தச் சாட்சியம் முழுக்க அந்த எழுத்து மட்டும் வரிக்குக் கீழே தொங்கியது. சாயங்காலம் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கல்லின் மறு கோடி காலி. பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஏங்கா வாயத் தொறந்த?" என்று மல்லிகா அழுதாள். "உன்ன விட்டுட்டு சொன்னா நீயாவது பொழச்சுப்பேன்னுதான அப்படிச் சொன்னேன்?"

"எல்லாரும் வரலன்னு சொல்லட்டும்டி" என்றாள் சரோஜா. "நீ சொல்லலாமா?"

முனிராஜுவுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. அந்தக் கோர்ட்டால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. ஒரு கைக்கு அவ்வளவுதான். அப்பீல் போட்டு ஜாமீனில் சீக்கிரமே வெளியே வந்தான். வந்த ஒரு வாரத்தில், விடிகாலையில் பூ மார்க்கெட்டில், சாமந்தி மூட்டைகளுக்கு நடுவில் சரோஜாவைக் கொன்றான். மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன் என்று கூண்டில் சொன்னாளே, அதே மார்க்கெட். அவளைப் பிணமாக நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை எழுதப் போவதில்லை. சாமந்திப் பூவை அன்றிலிருந்து நான் வீட்டுக்கு வாங்குவது கிடையாது. ஆயுத பூஜைக்குக்கூடச் செண்டுமல்லிதான்.

கொலை வழக்கும் முதலில் எங்கள் கோர்ட்டுக்குத்தான் வந்தது, அங்கிருந்துதான் மேல் கோர்ட்டுக்குப் போகும். மல்லிகா மறுபடியும் வாய்தா வாய்தாவாக வந்தாள். இப்போது இடுப்பில் சரோஜாவின் பெண்குழந்தை. கூட்டம் கலைந்த பிறகு ஹாலுக்குள் வருவாள். சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நின்று, கைப்பிடிக் கட்டையில் மச்சு இறங்கிய பிளவில் இடது கைப் பெருவிரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். சிராய் குத்துமே என்று நான் சொல்லியிருக்கிறேன். காதில் வாங்க மாட்டாள். கரீம் பாய் அந்தப் பக்கம் சுண்ணாம்பு தேய்ப்பதையே விட்டுவிட்டார். முனிராஜு ஜெயிலிலேயே செத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் எனக்கு மாற்றல் வந்தது. கரீம் பாய் போய்ச் சேர்ந்தார். ஊருக்கு வெளியே லிப்ட் வைத்த புதுக் கோர்ட்டு வந்தது. அங்கே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள், கைதி ஜெயிலிலிருந்து டிவியில் பேசுகிறான். நல்லதுதான், யாரும் யார் தலையையும் சுவரில் மோத முடியாது. பழைய கட்டடத்தை இடித்து பஸ் ஸ்டாண்டை அகலப்படுத்திவிட்டார்கள். இரும்பு வளையங்களை எடைக்குப் போட்டிருப்பார்கள். கல் பலகை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மல்லிகாவின் தோட்டம் மட்டும் கொஞ்ச நாள் சாமந்தியோடு நின்றது. பிறகு ரோட்டை அகலப்படுத்த சர்க்காரே எடுத்துக்கொண்டது, அதற்குக் கையெழுத்துகூடக் கேட்கவில்லையாம். இப்போது அத்திபெலேயில் டீக்கடை வைத்திருக்கிறாள். அக்கா மகள் கம்பெனிக்குப் போகிறாள். தீபாவளிக்கு எனக்குப் போன் பண்ணுவாள்.

இத்தனையும் அந்த ஓட்டலில், விரலில் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் வரிசைக்குப் பக்கத்தில் நின்றபோது வந்து போனது. அங்கே மேனேஜரைக் கூப்பிட்டு, இதற்கு எதிர்க் கூண்டு ஒன்று இருக்குமே என்று கேட்டேன். "ஜோடி கெடைக்கல மேடம், ஏலத்துல இது ஒண்ணுதான் வந்துச்சு" என்றார். சீரியல் விளக்கு மின்ன, முழுசும் தெரிகிற மாதிரி கூண்டைப் போட்டோ எடுத்து மல்லிகாவுக்கு அனுப்பினேன். இன்னதென்று எழுதவில்லை, வெறும் படம்தான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் கார் நிற்கும்போது, அவளே போன் பண்ணினாள். "நம்ம கூண்டுதானேக்கா?" என்றாள்.

"ஆமாம். அடியில கரீம் பாய் சுண்ணாம்பு அப்படியே இருக்கு. தொட்டுப் பாத்தேன்."

அந்தப் பக்கம் டீ பாய்லர் சீறியது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போல. மச்சு இறங்கிய இடத்தை நான் ஓட்டலிலேயே தடவிப் பார்த்துவிட்டேன். மரத்தூளும் பசையும் கலந்த மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டிருந்தார்கள். கோடுகூடத் தெரியவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் படத்தோடு ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

"எங்க அக்கா இருந்த வெட்டு எங்கேக்கா?" என்றாள் மல்லிகா. "காணோமே."